கழுத்தெலும்பு இணைப்புச் சிகிச்சையும் அதன் பின்னர் வீட்டில் கழியும் மாதங்களும்

கழுத்தெலும்புகளில் இரண்டையோ, இரண்டுக்கு மேற்பட்டவற்றையோ ஒன்றாகச் சேர்த்துவிடும் அறுவைச் சிகிச்சை இன்று வேலூர், திருப்பதி, சென்னை முதலிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக நடைபெற்று வருகிறது. சிகிச்சை சில மணி நேரத்தில் முடிவுறும். நோயாளி சில தினங்களில் வீடு திரும்புவார். ஆயின் எலும்பு ஒன்றுசேர்வது ஆஸ்பத்திரி மேஜையின்மேல் நடைபெறுவதன்று. சித்தூரை அடுத்த ஏதோ ஒரு சிற்றூரில், நோயாளியின் வீட்டுத் திண்ணையிலும் கட்டிலிலும், பல மாதங்களில் மெல்ல மெல்ல நடைபெறுவது அது. அக்காலத்தில் அவரை நாள்தோறும் காணும் வாய்ப்பு டாக்டருக்கு இல்லை. கிராம சுகாதார ஊழியர்களுக்கும் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்குமே உண்டு. அவர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பெயரைக் குறித்துச் சிறிது கூறுதல் வேண்டும். ஆங்கில மருத்துவர்கள் ‘ஃப்யூஷன்’ என வழங்கும் சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகுவோருக்கு ‘பற்றவைத்தல்’, ‘உருக்கி ஒட்டுதல்’ என்பனவே எளிதில் தோன்றும். இவை தவறான எண்ணத்தை உண்டாக்குபவை. பற்றவைத்த இரும்பு ஆறியவுடனேயே பாரம் தாங்கும். எலும்பு அவ்வாறன்று. சித்தூர்ப் பகுதி மாந்தோப்புக்காரர்கள் நன்கறிந்த ஒட்டுக் கட்டும் முறையே இதற்கு ஏற்ற உவமை. நாட்டுச் செடியின் தண்டில் உயர்ந்த இனத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டிவிட்டால், கட்டு அவற்றை அசையாமல் வைத்திருக்கிறதேயன்றி ஒன்றாக்குவதில்லை. ஒன்றாக்குவது உள்ளே ஊறி வளரும் திசு. கழுத்தில் பொருத்தப்படும் தகடும் திருகாணிகளும் அக்கட்டினைப் போன்றவை. டாக்டர்கள் இடையே வைக்கும் எலும்புத் துண்டுக்கு ‘ஒட்டு’ என்ற பெயரே பொருந்துவதைக் காண்க. இக்கட்டுரையில் ‘இணைப்பு’ என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் இந்தப் பொருளையே கொள்ள வேண்டும்.

கழுத்தின் அமைப்பு

மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலையை இவை தாங்குகின்றன. இரண்டாம் எலும்பு தொடங்கிக் கீழுள்ள ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையே மெத்தை போன்ற வட்டத் தட்டு ஒன்று உண்டு. எலும்புகளின் பின்புறத்திலுள்ள வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து ஒரு குழாயாகின்றன. அக்குழாயின் வழியேதான் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் செல்கிறது. நடுக்கழுத்தில் இக்குழாயின் முன்பின் அகலம் சாதாரணமாக 17 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தண்டுவடத்தின் கனம் 10 மில்லிமீட்டர் என்று கொண்டால், மிஞ்சியிருக்கும் இடம் எத்துணைச் சிறிது என்பது விளங்கும். குழாயின் அகலம் 13 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது குறுகிவிட்டதாக டாக்டர்கள் கருதுகின்றனர்.

வயது ஏற ஏறத் தட்டுகள் நீர் வற்றித் தட்டையாகின்றன. அவற்றின் ஓரங்களில் எலும்பு முனைகள் அலகுகள்போல் வளர்கின்றன. சிலருக்கு எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரே தடித்துச் சுண்ணாம்பேறிவிடுவதுண்டு. இவை தவிர, மரத்திலிருந்து விழுவது, இருசக்கர வாகன விபத்து, எலும்பைத் தாக்கும் காசநோய் முதலியவற்றாலும் கழுத்தெலும்பு நிலைகுலையலாம்.

நசுக்கப்படுவது பக்கவாட்டில் பிரியும் நரம்பாயின் நோயாளிக்குத் தோளிலிருந்து விரல்வரை மின்னல்போன்ற வலி உண்டாகும். வலி தாங்கமுடியாமையால் அவர் விரைவில் டாக்டரிடம் போய்விடுவார். தண்டுவடமே நசுக்கப்படும்போதோ நிலைமை வேறு. அங்கே வலி சிறிதாகவோ, இல்லாமலோ இருக்கலாம். சட்டைப் பொத்தானை மாட்ட விரல் தடுமாறும். சோறு பிசைவது கடினமாகும். பூக்கட்டுபவரின் விரல்கள் நாரில் பின்னும். நடக்கையில் காலிலிருந்து செருப்பு நழுவியதுகூட அவருக்குத் தெரியாது. ஆசிரியரானால் கரும்பலகையில் எழுத்து வரவரக் கோணலாவதை மாணவர்களே முதலில் கவனிப்பர். ஊரார் இவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடுகின்றனர். களப் பணியாளர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றுண்டு. பத்து விநாடிகளில் கையை எத்தனை முறை முழுவதும் மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நலமுள்ளவர் இருபது முறையாவது செய்வர். வெகுவாகக் குறைந்தால், நரம்பு மருத்துவரிடம் அனுப்புவதற்கு அதுவே போதிய காரணம்.

சிகிச்சை வளர்ந்த விதம்

கழுத்தெலும்பு நிலைகுலைந்த ஒருவருக்கு எலும்பு முட்களைக் கம்பியால் கட்டி நிறுத்தும் முயற்சியை 1891இல் அமெரிக்காவில் ஹாட்ரா என்பவர் செய்தார். 1911இல் நியூயார்க்கில் ஆல்பி, ஹிப்ஸ் என்ற இருவர் தனித்தனியே முதுகெலும்பை இணைக்கும் முறைகளை வெளியிட்டனர். அக்காலத்தில் இதற்கு முக்கிய காரணமாக இருந்தது எலும்புக் காசநோயே. கழுத்தின் முன்புறமாகச் சென்று தட்டினை நீக்கி, அவ்விடத்தில் எலும்பு ஒட்டினை வைக்கும் முறையை 1955இல் ராபின்சன், ஸ்மித் ஆகியோரும், 1958இல் கிளோவர்டும் வெளியிட்டனர். இன்று செய்யப்படுவது பெரும்பாலும் அதன் வழிவந்ததே.

நம் நாட்டில் நரம்பு அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித்துறை 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேகப் சாண்டியால் தொடங்கப்பட்டது. மறு ஆண்டில் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். சித்தூரிலிருந்து வேலூர் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் இருப்பதால், இம்மாவட்டத்தார் தொன்றுதொட்டு அங்கே செல்கின்றனர். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ அறிவியல் நிலையமும், திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ‘பர்ட்’ எலும்பு மருத்துவமனையும் ஏற்பட்ட பிறகு வடபகுதி மக்களுக்குப் பயணம் எளிதாயிற்று.

முன்புறச் சிகிச்சையில், தொண்டையின் பக்கத்தில் தோல் மடிப்பை ஒட்டிச் சில சென்டிமீட்டர் நீளம் கீறி, உணவுக் குழலையும் மூச்சுக் குழலையும் ஒருபுறமாக விலக்கி எலும்பை அடைகின்றனர். கெட்டுப்போன தட்டினை முழுவதும் எடுத்துவிட்டு, நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டையோ, எலும்புத் தூள் நிரப்பிய சிறு கூட்டினையோ இடையில் வைத்து, டைட்டானியத் தகட்டால் இறுக்குகின்றனர். பல இடங்களில் நசுக்கம் உள்ளவர்க்குப் பின்புறமாகச் செய்வதுண்டு. அதில் தசைகளைப் பிரிக்க வேண்டியிருப்பதால் வலி கூடுதல். தேறவும் அதிக நாட்களாகும். இடுப்பெலும்பில் துண்டு எடுத்திருந்தால், கழுத்தைவிட இடுப்பே அதிகமாக வலிக்கிறதென்று நோயாளி சொல்வார். அஞ்ச வேண்டியதில்லை.

முதல் சில தினங்கள்

ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கச் செய்கின்றனர். இதைக் கண்டு உறவினர் திகைப்பதுண்டு. நடத்தல் எலும்பைக் கெடுப்பதில்லை. படுத்தே கிடப்பதுதான் நுரையீரலையும் கால் இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். எழும்போது மட்டும் நேராகத் தலையைத் தூக்கலாகாது. மரக்கட்டை உருள்வதுபோல் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாக ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றிக் கால்களைக் கீழே விட்டு எழ வேண்டும். பாயில் படுக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இம்மாதங்களுக்கு மட்டுமாவது ஒரு கட்டில் தேடித் தருவது நலம். தரையிலிருந்து எழுவதற்குக் கழுத்தை முன்னே நீட்டாமல் முடியாது.

முன்புறச் சிகிச்சை பெற்றோரிற் பலருக்கு முதல் வாரங்களில் விழுங்குவது சிரமமாயிருக்கும். உணவுக் குழலை விலக்கிப் பிடித்திருந்ததே காரணம். பெரும்பாலோர்க்கு வாரங்களில் தானே சரியாகும். இங்கே நம் பகுதிக்கே உரிய ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சித்தூர் வீடுகளில் கேழ்வரகுக் களியை உருண்டையாகப் பிடித்துக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது வழக்கம். இந்நோயாளிக்கு அது தொண்டையிலேயே நின்றுவிடும். கேழ்வரகு நல்ல உணவே. நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அதனைக் களியாகக் கொடாமல் கூழாக்கிக் கொடுக்க வேண்டும். குழைந்த சோறு, பருப்பு, மோர், வேகவைத்த முட்டையை மசித்தது ஆகியவை ஏற்றவை. நிமிர்ந்து உட்கார்ந்து சிறு கவளமாக உண்ணுதல் வேண்டும். படுத்தபடி ஊட்டலாகாது.

அபாயக் குறிகளை ஊழியர் மனப்பாடமாகவே வைத்திருத்தல் வேண்டும். முன்கழுத்து திடீரென்று வீங்கி, குரல் அடைத்து, மூச்சுத் திணறுமாயின், உள்ளே இரத்தம் தேங்கி மூச்சுக் குழலை நெருக்குகிறது என்று பொருள். இது பெரும்பாலும் முதல் நாளிலேயே, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நேரும். ஓரிரு நாட்களில் வீடு வந்தவருக்கும் அபூர்வமாக நேர்வதுண்டு. தாமதமின்றி 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருத்தல் கூடாது. காய்ச்சல், கீறலில் நீர் அல்லது சீழ் கசிதல், கை கால்களில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை அல்லது கழியாமை ஆகியவற்றுக்கும் அன்றே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். சிலருக்குச் சில தினங்கள் கழித்து ஒரு தோளை உயர்த்தும் வலிமை மட்டும் குறைவதுண்டு. இது பலருக்கு மாதங்களில் திரும்பிவிடுமாயினும், டாக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

மூன்றாம் வாரத்தின் அபாயம்

இனிக் கூறப்போவதே இக்கட்டுரையின் முக்கியப் பகுதி. சிகிச்சைக்குப் பின் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நடைபெறுகின்றன. நரம்பின் மீதிருந்த நசுக்கம் நீங்கியதால் கைவலி மிக விரைவில், சிலருக்கு மயக்கம் தெளியும்போதே, மறைந்துவிடுகிறது. எலும்பு சேர்வதோ மிகவும் மெதுவானது. முதல் இரு வாரங்களில் அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, பழுதுபார்க்கும் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. பின்னர் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் மிருதுவான இளம் எலும்பு படர்கிறது. அது முற்றி உறுதிப்படுவதற்கு ஆறு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம்.

ஆகவே மூன்றாம் வாரத்தில் நோயாளி தம்மை முற்றிலும் நலமுற்றவராக உணர்கிறார். வலி இல்லை, கீறல் ஆறிவிட்டது, தையலும் பிரித்தாயிற்று. உள்ளேயோ எலும்பு சிறிதும் இணையவில்லை. தகடும் திருகாணிகளும் மட்டுமே பாரத்தைத் தாங்கி நிற்கின்றன. உலோகம் ஓயாத அசைவை நெடுங்காலம் தாங்காது. எலும்பு சேர்ந்து அதன் பாரத்தை ஏற்றுக்கொள்ளாவிடில், திருகாணி தளரும், அல்லது தகடு முறியும். நோயாளி வலியால் துடித்திருந்த காலத்தில் அவரை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. அவர் சிரித்துப் பேசத் தொடங்கிய வாரத்திலேதான் அழைக்கத் தொடங்குகின்றனர்.

கழுத்துப் பட்டையை எத்தனை நாள் அணிவது என்பது சிகிச்சையின் வகையைப் பொறுத்தது. ஒரே இடத்தில் தகடு வைத்து இணைத்தவர்களுக்குச் சில டாக்டர்கள் பட்டையே கொடுப்பதில்லை. வேறு சிலருக்கு ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் என விதிக்கின்றனர். பக்கத்து வீட்டார் ஒருவர் நான்கு வாரத்தில் கழற்றினார் என்பது காரணமாகாது. சித்திரை, வைகாசி வெப்பத்தில் பட்டையின் உள்ளே வியர்வை தேங்கித் தோல் புண்ணாகும். மோவாய்க்கும் பட்டைக்கும் இடையே மெல்லிய பருத்தித் துணி வைப்பதும், பட்டையைக் கழற்றித் துடைக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தே இருப்பதும் அவசியம். மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதனையும் கீறலின்மீது பூசலாகாது.

பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த புத்தூர் எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர்பெற்றது. கை கால் முறிந்தோர் பல மாநிலங்களிலிருந்தும் அங்கே வருகின்றனர். கழுத்துச் சிகிச்சைக்குப் பின்பும் ‘ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வருவோம்’ என்று புறப்படுவோர் உண்டு. அவர்களைக் கேலி செய்வதால் பயனில்லை. காரணத்தை எடுத்துரைக்க வேண்டும். அசையாமல் வைத்தால் எலும்பு தானே சேரும் என்பதே அக்கட்டின் அடிப்படை. இச்சிகிச்சையின் அடிப்படையும் அதுவே. ஆனால் இங்கே கட்டு ஏற்கெனவே உள்ளே, எலும்பின்மீதே போடப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து இழுத்துத் தடவி மேலும் ஒன்று போடுவது உள்ளே உள்ளதைக் கலைப்பதாகும்; அருகில் தண்டுவடம் இருப்பதையும் மறக்கலாகாது. முடிதிருத்தும் கடையில் வேலை முடிந்தபின் தலையைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கெடுக்கும் வழக்கமும் இந்நோயாளிக்கு ஆயுள் முழுவதும் ஆகாது. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் அன்பின் மிகுதியால் செய்கிறவர். கேட்டுக்கொண்டு செய்பவர் அல்லர்.

‘கடின வேலை’ என்ற சொல்

ஆஸ்பத்திரியிலிருந்து கொடுக்கும் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். ‘கடின வேலை கூடாது’ என்று யாரேனும் அதனைப் பெயர்த்துச் சொல்வர். மொழிபெயர்ப்பு சரியே; ஆனால் அது போய்ச் சேருவதில்லை. ஆடவர் ‘கடின வேலை’ என்பதை மண்வெட்டி பிடிப்பதென்று கொள்கின்றனர். பெண்களோ வீட்டு வேலையை வேலையென்றே எண்ணுவதில்லை. ஆறு வாரம் வயலுக்குப் போகாமலிருந்த ஒரு பெண் அந்த ஆறு வாரமும் குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்திருக்கலாம். ‘ஓய்வாகத்தான் இருந்தேன்’ என்று அவர் டாக்டரிடம் கூறுவது பொய்யன்று.

ஆதலால் பெயர் சொல்லியும் எடை சொல்லியும் கேட்க வேண்டும். முதல் ஆறு வாரங்களில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கலாகாது என்பது பொதுவான விதி. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் தண்ணீர் மட்டுமே பதினைந்து கிலோ. சமையல் எரிவாயு உருளையில் வாயு 14.2 கிலோ, உருளையின் எடையும் சேர்ந்தால் முப்பது கிலோவை எட்டும். ஒரு வயதுக் குழந்தை எட்டொன்பது கிலோ இருக்கும். இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போது தோளும் கழுத்தும் ஒருபுறம் சாய்கின்றன. குழந்தையைத் தாயிடம் தராதிருக்க முடியாது. தாய் உட்கார்ந்திருக்கையில் மற்றவர் எடுத்து மடியில் வைக்கலாம். மாட்டுக்குப் புல்கட்டு, பால்கேன், எருக்கூடை ஆகியவற்றை வீட்டில் யார் சுமப்பர் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே பேசி முடிவு செய்திருந்தால் நலம்.

தலைச்சுமை வேறு வகை. மற்றப் பாரங்களை மூன்று மாதத்துக்குப் பின் டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகக் கூட்டலாம். தலைமேல் வைக்கும் பாரம் இணைந்த எலும்பின் வழியாகவே இறங்குவதால், எலும்பு சேர்ந்த பின்னும் அதனை அறவே விட்டுவிடும்படி டாக்டர்கள் அறிவுறுத்துகின்றனர். மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையில் சுமை தூக்கிப் பிழைப்பவருக்கு இது தொழிலையே மாற்றிக்கொள் என்று சொல்வதற்குச் சமம். எளிதிற் சொல்லிவிடக் கூடிய செய்தியன்று. சொல்லாமல் விடுவதும் முறையன்று. எண்ணிக்கை பார்த்தல், எடை போடுதல் போன்ற வேலைக்கு அவரை மாற்றுமாறு மண்டிக்காரரிடம் பேச ஊரில் செல்வாக்குள்ள ஆசிரியரால் முடியும்.

எலும்பு சேர்வதைத் தடுப்பனவற்றுள் முதன்மையானது புகையிலை. நிகோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களையும் அடக்குகிறது. பீடி மட்டுமன்று, வாயில் அடக்கும் புகையிலையும் அத்தகையதே. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்க்கும் எலும்பு தாமதித்தே சேரும். கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளிற் சில எலும்பு வளர்ச்சியைத் தாமதப்படுத்தக் கூடுமாதலின், சிகிச்சை செய்த டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் உட்கொள்ள வேண்டும்.

நேர்த்திக்கடன்

சித்தூர், திருப்பதிப் பகுதியில் பெரிய சிகிச்சை எதுவாயினும் அதற்கு முன் வேங்கடவனுக்கு ஒரு நேர்த்தி செய்துகொள்ளாத வீடு குறைவு. நோயாளி கண் விழித்ததும் திருமலைக்கு எப்போது போகலாம் என்பதே முதற்கேள்வியாக இருப்பதுண்டு. ஊழியர் இதனை அற்பமென்று தள்ளுதல் கூடாது. தள்ளினால் அவர்கள் கேளாமலே போய்விடுவர்.

அலிபிரியிலிருந்து ஏறும் பாதையில் 3,550 படிகள் உள்ளன. நடப்பது நல்லதே ஆயினும், தண்டுவடம் நசுங்கியிருந்தவருக்குக் கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியாது. படியில் ஒருமுறை தவறி விழுந்தால் செய்த சிகிச்சை அனைத்தும் வீணாகும். ஏறுவதைவிட இறங்குவதில் அபாயம் மிகுதி. மலைப்பாதையில் பஸ்ஸில் செல்வோர் வளைவுகளில் தலை பக்கவாட்டில் வீசப்படாதவாறு முன்வரிசையில் அமர்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். வரிசையில் நெரிசலும் தள்ளலும் உண்டு. எனவே முதல் மூன்று மாதங்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. முடிகாணிக்கை செலுத்துகையில் மோவாய் மார்பில் படும்படி தலையைக் குனிந்துகொள்வது வழக்கம். கழுத்து இணைப்புக்கு இதைவிடப் பொருந்தாத நிலை வேறில்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு சேர்ந்திருப்பதாக டாக்டர் கூறிய பின்னர், நிமிர்ந்து உட்கார்ந்து, முடியெடுப்பவரைச் சுற்றிவந்து எடுக்கச் சொல்லலாம். சாஷ்டாங்க நமஸ்காரத்துக்குப் பதிலாக நின்றே கைகூப்புவது போதும். கடன் கழிக்கக் காலம் கடந்துவிட்டதே என்று வருந்தும் முதியோரிடம், வேண்டிக்கொண்டது உடல்நலத்துக்காக என்பதை நினைவுறுத்தினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றனர்.

ஆசிரியர் பணிக்குத் திரும்புதல்

உட்கார்ந்து செய்யும் பணிக்கு இரண்டு முதல் ஆறு வாரத்தில் திரும்பலாம் என்பது வழக்கம். ஆசிரியர் பணி அவ்வகையைச் சேர்ந்ததென்று கருதிவிடுகின்றனர். உண்மையில் அதில் மூன்று இடர்கள் உள. முதலாவது குரல். முன்புறச் சிகிச்சையில் குரல்நாண்களுக்குச் செல்லும் நரம்பு இழுபடுவதால் சிலருக்குக் குரல் கரகரத்துவிடும். பெரும்பாலும் வாரங்களில் தெளியும். அதுவரை அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கத்திப் பேசுவது தீங்கு. ஆறு வாரத்துக்கு மேலும் தெளியாவிடில் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது கரும்பலகை. அதன் மேல்வரியில் எழுதுவதற்குத் தலையை அண்ணாந்து கையை உயர்த்த வேண்டியுள்ளது; கண்மட்டத்துக்குக் கீழே எழுதுவது தகும். மூன்றாவது நோட்டுப் புத்தகத் திருத்தம். மடியில் வைத்துக் குனிந்து திருத்துவதைவிட, மேஜைமேல் சாய்வுப் பலகை வைத்துத் திருத்துவது மேல். கைபேசியைக் குனிந்து பார்ப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஸ்கூட்டர் ஓட்டுவது பட்டை நீங்கி, கடுமையான வலி மருந்துகள் நிறுத்தப்பட்டு, தோளைத் திருப்பாமலே இருபுறமும் போதிய அளவு பார்க்க முடிந்த பிறகே கூடும். எவ்வளவு திரும்ப முடியும் என்று பலர் அஞ்சுகின்றனர். தலையைத் திருப்பும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி முதலிரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே உள்ளது. இணைப்பு பெரும்பாலும் செய்யப்படுவது ஐந்தாம், ஆறாம், ஏழாம் எலும்புகளில். ஆகையால் ஓரிடத்தில் மட்டும் இணைத்தவருக்கு வேறுபாடே தெரியாதிருப்பதுண்டு. மூன்று நான்கு இடங்களில் இணைத்தவர்க்குக் குறைவு நன்கு தெரியும்.

திரும்பி வருவதும் வாராததும்

நரம்பு நசுங்கியதால் வந்த கைவலிக்குச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. மரத்துப்போன விரல்கள் மெதுவாகத் தேறும். தண்டுவடம் நெடுநாள் நசுங்கியிருந்தவர்களுக்கோ சிகிச்சையின் முதல் நோக்கம் நோய் மேலும் முற்றாமல் தடுப்பதே. ஓரளவு முன்னேற்றம் பலருக்கு உண்டு. அது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் தென்படும். பழைய நடை முழுவதும் திரும்பாமற் போகலாம். இதனை முன்கூட்டியே அறியாத குடும்பங்கள் ‘ஆபரேஷன் தோற்றுவிட்டது’ என்று முடிவுகட்டி, பயிற்சியையும் நிறுத்திவிடுகின்றன. பயிற்சியை நிறுத்துவதே உண்மையான தோல்வி. நாள்தோறும் நடத்தல், விரல்களால் மாவு பிசைதல், பட்டாணி பொறுக்குதல், பொத்தான் மாட்டிப் பழகுதல் ஆகியன வீட்டிலேயே செய்யத் தக்கவை. கழுத்துத் தசைகளுக்கான பயிற்சியை மட்டும் இயன்முறை மருத்துவர் கற்பித்த பின்னரே தொடங்க வேண்டும்.

கைகால் வலிமை பெரிதும் இழந்தவர்களுக்கு வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966 முதல் மறுவாழ்வு நிலையம் ஒன்று உள்ளது. அதற்கு வித்திட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகுத் தண்டு சிதைந்து அவருடைய இரு கால்களும் செயலற்றுப் போயின. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறையை நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இணைத்த இடம் அசையாததால் அதற்கு மேலும் கீழும் உள்ள தட்டுகள் கூடுதலாக உழைக்க நேர்கிறது. 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு அடுத்த தட்டில் புதிய தொல்லை தோன்றியது. பத்தாண்டுகளில் இது நான்கில் ஒருவர் என்ற அளவை நெருங்கியது. இவர்கள் எல்லோருக்கும் மறு சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆயினும் ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கைவலி மீண்டும் வந்தால், பழைய இடம் கெட்டுவிட்டதென்று எண்ணாமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். அப்போது அவருக்குப் பழைய படங்கள் தேவைப்படும். ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு ஆகிய காலங்களில் எடுக்கும் எக்ஸ்ரே படங்களையும், பொருத்திய தகட்டின் விவரம் எழுதிய சீட்டினையும் நோயாளியின் வீட்டில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுவது நலம். ஓடுகளின்கீழ்ச் செருகி வைத்தால் வெப்பத்தில் படச்சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றின் இடையிலும் ஒரு தாளை வைத்தல் வேண்டும்.